குளிர்மேல் போட்ட பழி

புனேக்காரர்கள் ஜனவரியில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நடப்பதைப் பார்த்து டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் நடுங்குவார்கள். இந்த ஊர்க் குளிர் அப்படி இரண்டுங்கெட்டான். விடியற்காலையில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாட்களில் 7, 8 என்று இறங்கும். 1935 ஜனவரி 17 அன்று 1.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. பதிவு செய்வதில் குறை வைக்காத ஊர் இது. 1928ல் சிம்லாவிலிருந்து இங்கே இடம் மாறி வந்த வானிலை அலுவலகத்தை ஊர்க்காரர்கள் இன்னமும் 'சிம்லா ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு விடியற்காலையில் நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரிலிருந்து போன். பேசியவர் தெரிந்த புக்கிங் ஏஜென்ட். சேலத்துக்கு வெங்காயம் ஏற்றிய லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர் சங்ககிரி இளைஞர், வடக்கு லைனுக்குப் புதியவர். இந்தி வராது. மெக்கானிக் மராத்திக்காரர். "மொழிபெயர்க்கறதுதானே சார் உங்க தொழிலு, வந்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார். எம்.ஏ. தமிழுக்கு இப்படியும் ஒரு மரியாதை கிடைக்கிறதே என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன்.

போனதும் டிரைவரிடம் விசாரித்தேன். "ராத்திரி நிறுத்துனா காலைல எடுக்க மாட்டீங்குதுங்க" என்றார். மெக்கானிக்கிடம் திரும்பி, "தண்டியில் ஸ்டார்ட் ஆவதில்லையாம்" என்று மராத்தியில் சொன்னேன். மராத்தியில் தண்டி என்றால் குளிர். தண்டியலங்காரம் படித்த காதுக்கு அந்தச் சொல் எப்போதும் கொஞ்சம் இனிப்பு. இனிப்பு அன்று வேலையைக் கெடுத்தது.

குளிர் என்று கேள்விப்பட்ட மெக்கானிக் முறைப்படிதான் வேலையை ஆரம்பித்தார். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் நெருப்பு வைக்கிறது. ருடால்ஃப் டீசல் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் அது கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் திருடிக்கொள்கிறது. ஆயில் கெட்டிப்பட்டு கிராங்க் சுற்ற மறுக்கிறது. பேட்டரியின் பலமும் குறைகிறது. எனவே முதல் கேள்வி, செல்ஃப் அடித்தால் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறதா, முக்குகிறதா என்பது.

முக்கியது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிச் சுரண்டினார். அப்போதும் முக்கல்தான். லாரிக்கு 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பார்கள். ஒன்று நோஞ்சான் ஆனால் மற்றதும் படுத்துவிடும். இரண்டையும் மாற்றச் சொன்னார். இருபதாயிரத்துக்குக் குறையாது. டிரைவர் போனில் முதலாளியிடம் சொல்ல, அங்கிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது. ராத்திரி கேபினில் லைட்டும் பாட்டும் போட்டு பேட்டரியைத் தீர்த்துவிட்டாராம். செலவு சம்பளத்தில் பிடித்தமாம். வெங்காயம் வீணானால் அதுவும்.

போனை வைத்த டிரைவர் என்னைப் பார்த்தார். "குளுருன்னு ஏனுங்க சொன்னீங்க? ராத்திரி நிறுத்துனான்னுதானுங்க நான் சொன்னேன். போன வாரம் சேலத்துலயும் இப்படித்தானுங்க. எட்டு மணி நேரம் நின்னா போதும், மக்கர் பண்ணுது."

சேலத்தில் ஏது தண்டி? அவர் சொன்னது நேரத்தை. நான் மொழிபெயர்த்தது வெப்பநிலையை. ராத்திரி, காலை என்ற இரு சொற்களுக்கு நடுவே நானே குளிரைச் செருகிவிட்டேன். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்காதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

தவறைச் சொன்னேன். மெக்கானிக் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "ஹவா" என்றார். காற்று. பக்கத்து லாரியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் கொடுத்தார். இப்போது எஞ்சின் வேகமாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே இல்லை. இதுதான் இரண்டாவது கேள்வி. வெள்ளைப்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். சூடோ கம்ப்ரஷனோ போதவில்லை. புகையே இல்லாவிட்டால் டீசல் போய்ச் சேரவே இல்லை.

ஃபில்டர்மேல் இருந்த ஸ்குருவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார். சோப்பு நுரைபோல் காற்றும் டீசலும் பொங்கின. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒரு பைப் மூட்டில் தாமிர வாஷர் தேய்ந்திருந்தது. அங்கே பம்ப் டீசலை உறிஞ்சுவதால் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். வண்டி ஓடும்போது தெரியாது. இரவெல்லாம் நின்றால் டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் வெறும் பைப்போடு அரைமணி நேரம் செல்ஃப் அடித்தால் எந்த பேட்டரிதான் தாங்கும்? வாஷரின் விலை சில ரூபாய். இரண்டாவது செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது.

டீசலைக் குளிர் நிஜமாகவே முடக்கும் இடங்கள் உண்டு. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிரக் குளிர அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி டீசல் ஓட்டம் நிற்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும் கோடையில் 15 டிகிரிக்கும் மேல் இருக்கக் கூடாது. புனேவுக்கு இது போதும். மைனஸ் 30க்குப் போகும் லடாக்குக்குப் போதாது. மண்ணெண்ணெய் கலந்து சமாளித்த அப்பகுதிக்காக இந்தியன் ஆயில் பானிபட்டில் தயாரித்த மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசல் 2019 நவம்பரில்தான் வந்தது. 2020 ஏப்ரலில் அமலான பி.எஸ். 6 தர எஞ்சின்களின் நுட்பமான பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மண்ணெண்ணெய் விஷம். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதும், ஏர் ஃபில்டரில் பெட்ரோல் தெளிப்பதும் வண்டியோடு ஆளையும் கொண்டுபோகும் வைத்தியங்கள்.

புனேயிலும் நம் ஊர்களிலும் குளிர் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, காட்டிக்கொடுப்பவன். தேய்ந்த வாஷரையும் வயதான பேட்டரியையும் மாற்றாத ஃபில்டரையும் அது அம்பலப்படுத்துகிறது. அதைவிட வசதி, ராத்திரி வண்டியில் படுத்திருந்தவர்மேல் பழி போடுவது.

கிளம்பும் முன் டிரைவரிடம் போனை வாங்கி முதலாளியிடம் பேசினேன். பேட்டரியில் கோளாறு இல்லை, பாட்டுக் கேட்டதால் வந்த வினையும் இல்லை, வாஷர் தேய்ந்திருந்தது, உங்கள் டிரைவர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "சரிங்க, பிடித்தம் இல்லைன்னு சொல்லிருங்க" என்றார்.

அதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.