படத்தின் குறையா, பெட்டியின் குறையா?

கூடத்துத் தொலைக்காட்சியோடு இணைத்த கணினி ஒன்று, பாட்டியின் அறையில் உள்ளங்கை அளவே உள்ள ராஸ்பெரி பை ஒன்று, பிள்ளைகளின் படிப்பு மேசையில் பழைய கணினி ஒன்று. படங்களையும் குடும்ப ஒளிப்பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, எந்த அறையிலிருந்தும் கண்டு மகிழும் இல்லங்கள் இன்று நம் பங்குகளிலும் சில உள. வசதி பெரிதுதான். ஆயினும் "நான் சரிசெய்து வைத்ததை யார் மாற்றியது?" என்ற கேள்வி அடிக்கடி எழாத வீடு இவற்றுள் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே.

இதற்கெனப் பலர் பயன்படுத்துவது கோடி என்னும் இலவச மென்பொருள். (பெயரைக் கண்டு பணத்தொகை என எண்ண வேண்டா.) 2002-ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கப்பெற்று, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் இப்போதைய பெயரை அடைந்தது. இதில் அமைப்புகள் இருவேறு இடங்களில் பதிவாகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திரையின் அளவு, ஒலி செல்லும் வழி, வசன வரிகளின் எழுத்துப் பருமன் ஆகியவை அந்தந்தக் கணினியிலேயே தங்கும். படம் ஓடும்போது நாம் செய்யும் திருத்தங்களோ, அதாவது ஒலியை முன்பின் நகர்த்துதல், அதன் உரப்பைக் கூட்டுதல், படத்தை நீட்டுதல், வசன வரியைத் தாமதப்படுத்துதல் போன்றவை, அந்தப் படத்தின் கணக்கில் தரவுத்தளத்தில் எழுதப்படும். கணினிகள் தனித்தனியே இருக்கும்வரை தொல்லையில்லை. எல்லா அறைகளுக்கும் பொதுவாக மரியாடிபி போன்ற தரவுத்தளம் ஒன்றை அமைத்துவிட்டால், கூடத்தில் பாதியில் நிறுத்திய படத்தை வேறோர் அறையில் அதே இடத்திலிருந்து தொடரலாம். கூடத்தில் செய்த திருத்தமும் அப்படத்தோடு கூடவே போய்விடும்.

இதனால் என்ன நேர்கின்றது என்று பாருங்கள். கூடத்துத் தொலைக்காட்சி படத்தை மெருகேற்றச் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றது. ஒலியோ நேரே ஒலிப்பட்டைக்குச் சென்று முந்திவிடுகின்றது. மகன் ஒலியை 150 மில்லிநொடி பின்னே தள்ளி வைக்கின்றான். கூடத்தில் எல்லாம் பொருந்திவிடுகின்றது. மறுநாள் அதே படத்தைப் பாட்டி தம் அறையில் பார்க்கின்றார். அங்கே ஒலிப்பட்டை இல்லை. உதடு அசைந்த பிறகு பேச்சு வருகின்றது. காது மந்தமானோர் பலர் உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சை உணர்ந்துகொள்பவர்கள். உதடும் ஒலியும் பிரிந்தபின் அவர்களுக்குக் கதை ஏது? "எனக்கு எதற்கப்பா, நீங்களே பாருங்கள்" என்று அவர் ஒதுங்கிக்கொள்கின்றார். வயதாகிவிட்டது என்று வீட்டார் சொல்லிக்கொள்கின்றார்கள். வயதின்மேல் பழி போடுமுன் தரவுத்தளத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியை எவரேனும் பார்த்தார்களா? அவர் தமக்காக உரப்பைக் கூட்டி வைத்திருந்தால், அடுத்த முறை கூடத்தில் அப்படம் வீடதிர முழங்குவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே அன்பர்களே, எதையும் தொடுமுன் வேறு இரண்டு மூன்று படங்களையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒலி ஒரே அளவு முந்தினால் குறை பெட்டியினுடையது, பெட்டியிலேயே தீருங்கள். ஒலிப்பட்டைகள் பலவற்றில் தாமதத்திற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. தொலைக்காட்சியை விளையாட்டு முறைக்கு மாற்றினால் மெருகேற்றும் வேலை குறைந்து படம் விரைந்து வரும். கோடியின் அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் என்ற கோப்பில் திரைத் தாமதத்தை அந்த ஒரு கணினிக்கு மட்டும் எழுதி வைக்கவும் இயலும். ஒரே ஒரு படத்தில் மட்டும் ஒலி முந்தினால் பதிவே பழுதுபட்டது; அப்போது படத்திலேயே திருத்துவதுதான் முறை.

பழைய திருமணக் கேசட்டைக் கணினிக்கு மாற்றிய பதிவு இதற்கு நல்ல சான்று. நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுத்ததை அகலத் திரை முழுவதும் பரவும்படி இழுத்தால், ஒல்லியாயிருந்த மணமகனும் பருத்துத் தோன்றுவார். ஒரு படச்சட்டத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் எனப் பிரித்துப் பதியும் பழைய முறையால், அசைவுகளில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகளும் தெரியும். இவை எந்த அறைக்குப் போனாலும் கூடவே வரும் குறைகள். அப்பதிவுக்கு மட்டும் அளவையும் கோடு நீக்கத்தையும் அமைத்துவிட்டால் எல்லா அறைகளுக்கும் நன்மை. "எல்லாப் படங்களுக்கும் இதுவே" என்ற கட்டளையை மட்டும் அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள்.

படம் தடுக்கித் தடுக்கி ஓடுவது பெரும்பாலும் திரையைச் சார்ந்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுமானால் ஒரு சட்டம் இருமுறையும் அடுத்தது மும்முறையும் காட்டப்பெறும். பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் இது கண்ணை உறுத்தும். நம் நாட்டுப் பழைய ஒளிப்பதிவுகளோ நொடிக்கு 25 சட்டங்கள். அவற்றிற்கு 50 பொருந்தும். படத்திற்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் அமைப்பு கோடியில் உண்டு. அதனை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இயக்க வேண்டும்; 60 மட்டுமே ஏற்கும் பழைய திரையில் விட்டுவிடலாம். மாறும்போது திரை ஓரிரு நொடி இருண்டு மீளும் என்பதைப் பெரியவர்களிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

ஒரு கணினியைச் செம்மையாக அமைத்துவிட்டு, அதன் அமைப்புக் கோப்புகளை அப்படியே மற்றவற்றிற்குப் படியெடுக்கும் இளைஞர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கூடத்து ஒலிப்பட்டையை நோக்கி அனுப்பிய ஒலி, பாட்டியின் அறையில் போய்ச்சேர இடமின்றி ஊமையாகும். அவருக்காகப் பெரிதாக்கிய எழுத்தும் சிறுத்துவிடும். அறைக்கொரு தாளில் அங்குள்ள அமைப்புகளைக் குறித்து, தொலைக்காட்சியின் பின்புறம் ஒட்டி வைப்பது மேல்.

கோடியின் புதிய பெரும்பதிப்பு வரும்போது ஒரு கணினியை மட்டும் மாற்றுவதும் கூடாது. புதிய பதிப்பு தனக்கென வேறு எண்ணுள்ள தரவுத்தளத்தை உண்டாக்கிக்கொள்ளும். மற்றவை பழையதிலேயே நிற்கும். பார்த்து நிறுத்திய இடங்கள் அன்றிலிருந்து ஒன்றோடொன்று ஒவ்வா. சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றை இதற்கென ஒதுக்கி, மூன்றையும் ஒரே நாளில் மாற்றி, ஒட்டிவைத்த தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.