சைக்ளோன் இருக்கு, சாம்பலும் பறக்குது

சைக்ளோன்னா நமக்கெல்லாம் புயல், கனமழை, ஸ்கூல் லீவு. நான் சொல்ல வர்றது வேற. நெல் அவிக்கிற அரிசி ஆலைக்குப் பின்பக்கம் போனீங்கன்னா பெரிய புனல் மாதிரி ஒரு இரும்புக் கூம்பு நிக்கும். அதுக்கும் பேர் சைக்ளோன்தான். உமி எரியற பாய்லர் புகையிலேர்ந்து சாம்பலைப் பிரிக்கறது அதோட வேலை.

விஷயம் ரொம்ப சிம்பிள். புகை பக்கவாட்டுல நுழைஞ்சு சுத்தும். கனமான சாம்பல் சுவத்துல ஒதுங்கி, வழுக்கிக்கிட்டே கீழ இறங்கும். மிச்சப் புகை நடுக்குழாய் வழியா மேல போயிடும். 1880கள்லயே காப்புரிமை வாங்கின சமாச்சாரம். ஓடற பாகம் ஒண்ணுகூடக் கிடையாது.

என் புகாரே அங்கதான் ஆரம்பிக்குது. ஓடற பாகம் இல்லாததால யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. பாய்லர் நின்னா நெல்லு வேகாது, முதலாளி ஓடி வருவார். சைக்ளோன் கெட்டா ஆலைக்குள்ள ஒரு குறையும் தெரியாது. மொட்டை மாடியில துணி காயப்போடற பக்கத்துத் தெருப் பெண்களுக்குத்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 100 கிலோ நெல்லுல சுமார் 20 கிலோ உமி. அதை எரிச்சா 4 கிலோ சாம்பல். தினம் 50 டன் நெல் அரைக்கிற ஆலை உமி முழுசையும் எரிச்சா 2 டன் சாம்பல். அதுல ஒரு பங்கு அடுப்புலயே தங்கிடும், மிச்சம் புகையோட கிளம்பிடும். அதுல பெரும்பகுதி சிலிக்கா வேற.

நான் பார்த்த ஒரு ஆலையில (பேர் வேண்டாம்) சைக்ளோனுக்கு அடியில இருக்கற ரோட்டரி வால்வு அடிக்கடி சிக்குதுன்னு கழட்டிப்போட்டு, ஒரு சாக்கைக் கட்டிவிட்டிருந்தாங்க. அதுவும் ஓட்டை சாக்கு. ஃபேன் புகையை அந்தப் பக்கம் இழுக்கறதால சைக்ளோனுக்குள்ள எப்பவும் உறிஞ்சல் இருக்கும். அடியில இடுக்கு கிடைச்சா வெளிக்காத்து மேல ஏறி, ஒதுங்கின சாம்பலைத் திரும்பக் கிளப்பிவிட்டுடும். கஷ்டப்பட்டுப் பிடிச்சதை நாமளே புகைபோக்கிக்கு அனுப்பி வைக்கற கதை!

சரி, வால்வு ஒழுங்கா இருந்தா போதுமா? அதுவும் இல்லை. புகை விநாடிக்கு 15 மீட்டர் வேகத்துல, அரை மீட்டர் ஆரத்துல சுத்தினா புவியீர்ப்பைப் போல 45 மடங்கு விசை கிடைக்கும். செலவு குறையட்டும்னு நாலு சின்னதுக்குப் பதிலா ஒரே பெருசா செஞ்சு ஆரம் 1 மீட்டர் ஆனா, அதே வேகத்துல விசை பாதியாயிடும். வேகத்தை ரெண்டு மடங்காக்கலாம்தான், ஆனா அழுத்த இழப்பு நாலு மடங்காகும். கரண்ட் பில் யார் கட்டறது?

என்னதான் பண்ணினாலும் சாதாரண சைக்ளோன் 10 மைக்ரானுக்கு மேல உள்ளதைத்தான் நல்லாப் பிடிக்கும். நுரையீரல் ஆழம் வரைக்கும் போற 2.5 மைக்ரான் தூசி பெரும்பாலும் டாட்டா காட்டிட்டுப் போயிடும். அரியலூர்ப் பக்கம் இருக்கற மாதிரி சிமெண்ட் ஆலைகளைப் பாருங்க. சூளைக்கு முன்னாடி அஞ்சாறு சைக்ளோனை அடுக்கடுக்கா வச்சு, சுண்ணாம்புப் பொடியைச் சூடேத்தறாங்க. அவ்வளவு வச்சும் கடைசில பேக் ஃபில்டரோ, மின் வடிகட்டியோ இல்லாம புகையை வெளிய விடறதில்லை. ஆறு சைக்ளோன் தாண்டியும் தூள் தப்பிக்குதுன்னு அவங்களுக்குத் தெரியுது. நாம ஒண்ணை வச்சுக்கிட்டு "எங்ககிட்ட சைக்ளோன் இருக்கே"ங்கறோம்.

அதுக்காக சைக்ளோனைத் தூக்கிக் கடாசச் சொல்லலை. உமிப் புகையில நெருப்புப் பொறி வரும், நேரா துணி ஃபில்டருக்கு விட்டா பை ஓட்டையாயிடும், தீயும் பிடிக்கலாம். பொறியையும் பெருஞ்சாம்பலையும் முன்னாடி நின்னு தடுக்க சைக்ளோன்தான் லாயக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு பேக் ஃபில்டரோ, தண்ணி தெளிக்கிற ஸ்க்ரப்பரோ வேணும். சின்ன ஆலைக்காரருக்கு அது பெரிய செலவு, மறுக்கலை. ஆனா ரோட்டரி வால்வைத் திரும்ப மாட்ட அவ்வளவு ஆகாது. இந்த வாரமே செய்யலாம்.