டிரைவும் டிஃபென்ஸும் ஒரே பாடம்

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி தோற்றுத் திரும்பினால், பாலக்காட்டிலும் சரி, இடுக்கியிலும் சரி, இரண்டு குறைகளைத் தனித்தனியாகச் சொல்வார்கள். உள்ளே புகுந்து ஆடப் பயப்படுகிறார்கள் என்பது ஒன்று. டிஃபென்ஸில் ஆளை விட்டுவிடுகிறார்கள் என்பது மற்றொன்று. உண்மையில் இரண்டும் ஒரே குறைதான். அதன் பெயர் கால் வேலை.

பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளியைத் தாண்டிக் கூடைக்குப் பாய்வது டிரைவ். அதன் வெற்றி தோல்வி முதல் அடியிலேயே முடிவாகிவிடுகிறது. தோளைத் தாழ்த்தி, எதிராளியின் இடுப்பை உரசுவதுபோல நேர்கோட்டில் அந்த அடி விழுந்தால் அவள் பின்தங்கிவிடுவாள். வளைந்து சுற்றிப் போனால் அவள் திரும்பி நிற்க நேரம் கொடுத்துவிடுகிறோம். வலக்கைப் பக்கமே போகிற பெண்ணை எதிரணி முதல் பத்து நிமிடத்துக்குள் படித்துவிடும். இடக்கையில் தட்டப் பழகாதவளுக்குப் பாதி ஆடுகளம் அடைபட்டுப் போகிறது.

டிஃபென்ஸிலும் இதே கதை. கால் தாமதமாகும்போது கை நீளும்; கை நீண்டால் ஃபவுல். ஒரு கால்பகுதியில் அணி நான்கு ஃபவுலைத் தொட்டுவிட்டால், அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு டிஃபென்ஸ் ஃபவுலுக்கும் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஐந்து ஃபவுல் செய்தவள் வெளியே. முன்கூட்டியே இரு காலையும் ஊன்றி எதிரே நிற்பவளின் மார்பில் மோதினால், ஃபவுல் பாய்ந்து வந்தவளுக்கே. கூடைக்கடியில் 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

பயிற்சியில் வரிசையாக நின்று, தடுக்க ஆளில்லாமல் லே-அப் போடுவதால் இந்தக் கால்கள் வளராது. ஒருத்திக்கு எதிராக ஒருத்தி, மூன்று முறை மட்டுமே பந்தைத் தட்டலாம், தடுப்பவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆடவைத்தால் இருவரும் சேர்ந்தே தேறுவார்கள். தளர்ந்த டிஃபென்ஸிடம் பழகியவள் போட்டியில் முதல் இடிக்கே பந்தை விட்டுவிடுவாள்.

இடமும் இதில் பங்கு வகிக்கிறது. கல்வியாண்டு தொடங்கும் ஜூனில்தான் மழையும் தொடங்குகிறது. நனைந்த சிமெண்ட் களத்தில் விழுந்தால் முழங்கால் தோல் போகும் என்று தெரிந்த பெண் வேகத்தைக் குறைக்கத்தான் செய்வாள். அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். ஆனாலும் இடத்தையே சாக்காகச் சொல்ல முடியாது: இடுக்கிக் கல்லூரிகள் இருக்கும் அதே மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில்தான், இந்திய அணிக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ் படித்த சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியும் இருக்கிறது.

உயரம் போதவில்லை என்ற சமாதானமும் நிற்காது. உயரத்தில் மற்ற முன்னணி அணிகளுக்குக் குறைந்த ஜப்பான் பெண்கள், கால் வேகத்தாலும் விடாத டிஃபென்ஸாலும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்கள். அதே ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்தியாவை 136-46 என்று வீழ்த்தினார்கள். மலைநாடு என்பதும் தடையல்ல: 2018 ஆசிய விளையாட்டில் இந்திய அணித் தலைவியாக இருந்த பி.எஸ். ஜீனா வயநாட்டுப் பெண்.

கல்லூரி நிர்வாகங்கள் களத்துக்கு ஒரு கூரை போடட்டும். கோச்சுகள் நாளைய பயிற்சியிலிருந்தே பாதி நேரத்தை ஒருத்திக்கு ஒருத்தி ஆட்டத்துக்கு ஒதுக்கட்டும்.