பாரத்தைத் தாங்குவது எண்ணெய் அல்ல

சென்ற சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "என்ன சார், பேரனுக்குக் கை முறிந்துவிட்டதாமே? அந்தச் சைக்கிளை விற்றாச்சா?" விற்கவில்லை. விற்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் கட்சி பேசுவதற்கு முன் ஓர் உண்மையை இந்தப் பக்கத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பையன் விழுந்ததற்குக் காரணம் சைக்கிள் அல்ல, நான்.

பேரனுக்குப் பதினாறு வயது. புணேயில் பிறந்து வளர்ந்தவன். ஞாயிறு காலை நண்பர்களோடு வேதாள் டேக்டியில் ஏறி, கல்லும் மண்ணுமான பாதையில் இறங்குவான். அவன் ஓட்டுவது மலைச் சைக்கிள். நாம் ஓட்டிய சைக்கிளில் முன் ஃபோர்க் வெறும் இரும்புக் கவட்டை. இதில் இரண்டு கால்களும் குழாய்க்குள் குழாயாக, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல 100 மில்லிமீட்டர் அமுங்கி எழும். இடக்காலில் காற்றடைத்த ஸ்பிரிங். வலக்காலில் எண்ணெயும், அதைச் சிறு துளைகள் வழியே தள்ளும் பிஸ்டனும்.

முதல்முறை அதைப் பார்த்ததுமே எனக்குப் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல இருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளின் போகியில் ஒவ்வொரு ஆக்சில் பாக்ஸின் இருபுறமும் காயில் ஸ்பிரிங்கும், அதற்குள்ளே எண்ணெய் நிரப்பிய டாஷ்பாட்டும் இருக்கும். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். டாஷ்பாட் ஆட்டத்தை அடக்கும். எண்ணெய் மட்டம் 40 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தே என் முதுகு வளைந்தது. அந்த வகைப் பெட்டிகளைக் கட்டுவது 2018 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு என்னையும் மாலை போட்டு அனுப்பினார்கள்.

பையன் ஒருநாள், "தாத்தா, முன்னாடி ரொம்ப அமுங்குது, பிரேக் போட்டா மூக்கு கீழே போகுது" என்றான். கடையில் கேட்டதற்கு, ஃபோர்க்கையே மாற்றச் சொல்லிவிட்டார்களாம். "முப்பத்தொன்பது வருஷம் ரயில்வேயில் என்னடா செய்தேன், கொண்டா இங்கே" என்றேன். பழைய எண்ணெயை வடித்தோம். கறுத்து, கெட்ட வாடை அடித்தது. அலமாரியில் என் மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி மிஞ்சிய 20 வெயிட் ஃபோர்க் எண்ணெய் இருந்தது. கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஃபோர்க்கும் கெட்டியாகிவிடும் என்று அதை ஊற்றி மூடினேன். கையால் அமுக்கிப் பார்த்தபோது நன்றாக விறைப்பாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு இறக்கத்தில், வரிசையாகக் கல் கிடந்த இடத்தில், ஹேண்டிலுக்கு மேலே பறந்து விழுந்தான். இடது மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருமகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு சைக்கிளை நிறுத்தி, ஹேண்டிலை முழுப் பலத்தோடு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து நான் எழுந்திருப்பதுபோல எழுந்தது ஃபோர்க். விஷயம் புரிந்துவிட்டது. முதல் கல்லில் அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழுவதற்குள் இரண்டாவது கல். அதிலிருந்து எழுவதற்குள் மூன்றாவது. ஐந்தாவது கல் வரும்போது அமுங்க மிச்சம் இல்லை. முன்பக்கம் தாழ்ந்து கிடக்க, சக்கரம் கல்லில் நேராக முட்டியிருக்கிறது.

அந்த ஃபோர்க்கைத் தயாரித்தவர்களின் கையேட்டை அதற்குப் பிறகுதான் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 5 வெயிட் எண்ணெய் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. பணிமனையில் ஒரு ஃபிட்டர் டாஷ்பாட்டில் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றியிருந்தால், அன்று மாலைக்குள் அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

பையன் சொன்ன குறைக்கு மருந்து எண்ணெயிலேயே இல்லை. ஒரு வருஷத்தில் அவன் எட்டுக் கிலோ ஏறியிருந்தான். ஃபோர்க்கில் காற்றழுத்தம் மட்டும் வாங்கிய நாளில் வைத்த அளவிலேயே இருந்தது. ஸ்பிரிங் செய்யவேண்டிய வேலையை எண்ணெயின் தலையில் கட்டினேன். எண்ணெயால் பாரம் தாங்க முடியாது. வேகத்தைத்தான் மட்டுப்படுத்த முடியும். டிப்ளமாவில் படித்ததுதான், பேரன் முன்னால் பெரிய மனுஷனாக நின்றபோது மறந்துபோயிற்று.

கட்டுப் பிரித்ததும், "இந்தத் தடவை நீ செய், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறேன்" என்றேன். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, கீழ்ப்பக்கப் போல்ட்டுகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டிக் கீழ்க் கால்களைக் கழற்றினான். உள்ளே துடைக்க வேஸ்ட் காட்டன் கூடாது, நூல் தங்கிவிடும். என் பழைய வேஷ்டியைக் கிழித்துக் கொடுத்தேன். பஞ்சு வளையங்களைப் புது எண்ணெயில் ஊறவைத்தான். அளவை ஊசிக் குழலில் மில்லிலிட்டர் கணக்காக எடுத்தான். எண்ணெய் வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளின் 5 வெயிட் ஒரே தன்மையாக இருக்கும் என்ற நிச்சயம் கிடையாது. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று பாட்டிலில் போட்டிருப்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

பிறகு ஹெல்மெட், பையோடு அவனைச் சைக்கிளில் ஏற்றி நிறுத்தி, மெதுவாக இறங்கச் சொன்னேன். குழாயில் போட்ட ரப்பர் வளையம் 20 மில்லிமீட்டர் நகரும்வரை, அதாவது மொத்த அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும்வரை, காற்றைக் கூட்டினான். கடைசியாகத்தான் எழும் வேகத்தை மாற்றும் திருகு. நடைபாதை விளிம்பிலிருந்து இறங்கினால் ஃபோர்க் ஒருமுறை அமுங்கி, எழுந்து, நின்றுவிட வேண்டும். துள்ளினால் ஒரு கிளிக் இறுக்கம். சோம்பினால் ஒரு கிளிக் தளர்வு. மே மாத வெயிலில் எண்ணெய் இளகும், டிசம்பர் காலையில் கெட்டிப்படும். அதற்கேற்ப ஒன்றிரண்டு கிளிக் மாறும். எல்லாவற்றையும் நோட்டில் தேதியோடு எழுதி வைக்கிறான். அழுத்த அளவை நான் கேட்டால், நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான்.

"நன்றாகப் படிக்கிற பையன் கையில் ஏன் கிரீஸ்?" என்று சங்கத்தில் சிலர் கேட்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் கோர்ப்படி யார்டுக்கும் கட்கி தொழிற்சாலைக்கும் கையில் கிரீஸோடுதான் இந்த ஊருக்கு வந்தோம்? பிள்ளைகளுக்கு டியூஷனுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம். வீட்டில் ஒரு குழாய் வாஷர் மாற்றத் தெரியவில்லை. சைக்கிளை விற்றிருந்தால் அவனுக்கு மிஞ்சியிருப்பது பயம் ஒன்றுதான். பிடிவாதக்காரக் கிழவன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

மருமகள் போட்ட நிபந்தனை ஒன்று உண்டு. ஃபோர்க்கில் என்ன செய்தாலும் கையேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், முக்கியமாக மாமா. ஒப்புக்கொண்டேன். கீழ்க் கால்களின் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி அதில் இருக்கிறது. நோட்டின் கணக்குப்படி வருகிற ஞாயிறு அந்த 50 முடிகிறது. போல்ட்டுக்குப் புது வாஷர் வாங்கி வைத்துவிட்டான். இன்னொரு வேஷ்டி கேட்டிருக்கிறான்.