மக்களின் காவலா, மக்கள் மீதான காவலா?

காவல்துறையும் பொதுமக்களும் கைகோத்துக் குற்றங்களைத் தடுப்பது என்னும் பேச்சு பல மாநிலங்களில் மீண்டும் வலுப்பெற்று வருகிறது. 2025 ஜூலையில் கர்நாடக அரசு, காவலர்களை வீடு வீடாக அனுப்பும் ‘மனே மனேகெ போலீஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. நகரங்களில் குடியிருப்போர் சங்கங்கள் தெருமுனைக் கேமராக்களுக்குப் பணம் திரட்டுகின்றன. பண்டிகைக் காலம் நெருங்கினால் காவல் நிலையங்கள் அமைதிக் குழுக்களைக் கூட்டுகின்றன. தொழிற்சங்கத்தினருக்கும் மாதர், வாலிபர் அமைப்பினருக்கும் இக்குழுக்களில் இடம்பெறுமாறு அழைப்பு வருவதுண்டு. அந்த அழைப்பை ஏற்பதா, மறுப்பதா என்னும் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. அரை நூற்றாண்டுக்கால இந்திய அனுபவம் இரு வேறு திசைகளைக் காட்டி நிற்கிறது.

குற்றத் தடுப்பு செல்வந்தர்களின் கவலை மட்டுமே என எண்ணுவது பிழை. செல்வந்தர் குடியிருப்புக்கு மதில் உண்டு. வாயிலில் சம்பளத்துக்குக் காவலாளி உண்டு. இரவுப் பணி முடிந்து விளக்கில்லாத சாலையில் வீடு திரும்பும் பெண் தொழிலாளிக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. கந்துவட்டிக்காரனின் அடியாட்களும், பள்ளி வாசலில் போதைப்பொருள் விற்போரும், மாதக் கூலியைப் பறிக்கும் ரவுடிக் கும்பலும் முதலில் தாக்குவது ஏழைகளின் குடியிருப்புகளையே. பாதுகாப்பு உழைக்கும் மக்களின் உரிமை. அதைக் கோரும் பொறுப்பை இடதுசாரி இயக்கம் பிறரிடம் விட்டுவிட முடியாது.

ஆனால், அந்த உரிமையை வழங்க வேண்டிய அமைப்பு எதற்காக உருவானது என்பதை மறந்துவிடலாகாது. 1857 எழுச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு, நான்கே ஆண்டுகளில் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்களுக்குப் பணியாற்றுவதைவிட, மக்களை அடக்கி வைப்பதே அதன் நோக்கமாயிருந்தது. கலகம் நிகழ்ந்த பகுதியில் கூடுதல் காவல்படையை நிறுத்தி, அதன் செலவை அப்பகுதி மக்களிடமே வசூலிக்க அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு வழிவகுத்தது. உள்ளூர்வாசிகளைச் சிறப்புக் காவல் அலுவலர்களாக நியமிக்கும் அதிகாரத்தை 17ஆம் பிரிவு அளித்தது. மக்களைக் காவல் பணியில் ‘பங்கேற்க’ வைக்கும் கலையைக் காலனி ஆட்சி அன்றே அறிந்திருந்தது. பங்கேற்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனை ஜனநாயகம் என்று கொள்வதற்கில்லை.

எனினும், நல்ல முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவின் பிவண்டி, விசைத்தறித் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த முஸ்லிம் நெசவாளர்களும் தெலுங்கு நெசவாளர்களும் அங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1970இலும் 1984இலும் வகுப்புக் கலவரங்கள் அவ்வூரைச் சிதைத்தன. 1988இல் அங்கு பொறுப்பேற்ற காவல்துறைத் துணை ஆணையர் சுரேஷ் கோபடே, பகுதிதோறும் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இரு சமூகத்தினரும் காவலர்களுடன் தொடர்ந்து அமர்ந்து, குழாயடிச் சண்டை முதல் ஊர்வலப் பாதை வரை பேசித் தீர்த்தனர். பாபர் மசூதி தகர்க்கப்பட்டபின், 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அருகிலுள்ள மும்பை பற்றி எரிந்தது. 900 பேர் மாண்டதாக ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது. பிவண்டி அமைதி காத்தது. வதந்தி பரவும்போது அதை மறுத்துரைக்க, இரு தரப்பும் நம்பும் மனிதர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தனர் என்பதே அதற்குக் காரணம்.

கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008 மார்ச்சில் 20 காவல் நிலையங்களில் ‘ஜனமைத்ரி சுரக்ஷா’ திட்டத்தைத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. பீட் அலுவலர் தம் பொறுப்பிலுள்ள சுமார் 500 வீடுகளையும் நேரில் அறிந்திருக்க வேண்டும். தனித்து வாழும் முதியோர் யார், வன்முறைக்கு ஆளாகும் பெண் யார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டம் பிற மாநிலங்களும் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. 2011ஆம் ஆண்டின் கேரள காவல் சட்டம் சமூகக் காவலுக்குச் சட்டத்திலேயே இடமளித்தது.

ஆயினும் அங்கும் 2018 ஏப்ரலில் வராப்புழாவில், தவறாகப் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் ஒருவர் காவலர்களின் தாக்குதலால் உயிரிழந்தார். தொடர்புடைய காவலர்கள் கைது செய்யப்பட்டனர் என்பது உண்மை. வீட்டுவாசலில் நட்புடன் பேசும் துறைக்கு லாக்கப்புக்குள் வேறொரு முகம் இருக்கக்கூடும் என்பதும் உண்மை. வாசலில் காட்டும் நட்பு, உள்ளே நடக்கும் வன்முறைக்குத் தடையாகிவிடாது.

மற்றொரு திசை மிகவும் கொடியது. 2005இல் சத்தீஸ்கரின் பஸ்தார் பகுதியில் ‘சல்வா ஜூடும்’ மக்களின் தன்னெழுச்சி என்ற பெயரில் தொடங்கியது. பழங்குடி இளைஞர்கள் சொற்ப மதிப்பூதியத்துக்குச் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கப்பட்டு, துப்பாக்கி தரப்பட்டு, தம் மக்களுக்கு எதிராகவே நிறுத்தப்பட்டனர். கிராமங்கள் எரிந்தன; மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; பலர் ஆந்திராவுக்குத் தப்பியோடினர். 2011 ஜூலை 5 அன்று நீதிபதிகள் பி. சுதர்சன் ரெட்டி, எஸ்.எஸ். நிஜ்ஜார் அமர்வு, இந்த ஏற்பாடு அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் காட்டி, 2025 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலின்போது ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா சுதர்சன் ரெட்டியை நக்சல் ஆதரவாளர் போலச் சித்தரித்தார். ஏழைகளை ஏழைகளுக்கு எதிராக ஆயுதபாணியாக்குவது இன்றைய ஒன்றிய ஆட்சியாளர்களுக்கு எவ்வளவு உவப்பானது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

மேற்கு வங்கத்தில் திரிணமூல் அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ‘சிவிக் வாலண்டியர்’களைத் திரட்டியது. நிரந்தரப் பணியில்லை, உரிய பயிற்சியில்லை. ஆனால் காவல்துறையின் நிழலில் கிடைக்கும் அதிகாரம் உண்டு. 2022 பிப்ரவரியில் ஹவுரா மாவட்டத்தின் ஆம்தாவில் மாணவர் தலைவர் ஒருவர் நள்ளிரவில் மாண்ட வழக்கில் கைதானோரில் ஒரு சிவிக் வாலண்டியரும் இருந்தார். 2023 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, சட்டம் ஒழுங்குப் பணியில் இவர்களை ஈடுபடுத்தலாகாது என்ற சுற்றறிக்கை வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டவரும் ஒரு சிவிக் வாலண்டியரே. வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவிக்கும் இளைஞருக்கு முறையான வேலையை மறுத்து, ஆளுங்கட்சியின் தயவில் வாழவைக்கும் ஏற்பாடு அவருக்கும் நன்மை செய்யாது, மக்களுக்கும் பாதுகாப்பாகாது.

ஹரியானாவில் இதுவே மதவெறியின் சீருடை அணிந்து நடமாடுகிறது. 2015ஆம் ஆண்டின் பசுப் பாதுகாப்புச் சட்டம், காவல் அதிகாரிகளுக்கு மட்டுமன்றி அரசு அங்கீகரிக்கும் ‘எந்த நபருக்கும்’ சோதனையிடும் அதிகாரத்தை அளித்தது. 2021இல் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்ட சிறப்புப் பணிக்குழுக்களில் ‘பசுச் சேவகர்’களுக்கும் இடம் தரப்பட்டது. 2023 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பரத்பூரைச் சேர்ந்த இரு முஸ்லிம் இளைஞர்கள் பிவானி மாவட்டத்தில் வாகனத்துடன் எரிந்து கிடந்தனர். 2024 ஆகஸ்டில், மாடு கடத்துபவர் எனக் கருதி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றனர்.

தமிழ்நாடும் இப்படிப்பினையை அறியும். 1993இல் ராமநாதபுரத்தில் நல்நோக்குடன் தொடங்கிய ‘பிரண்ட்ஸ் ஆப் போலீஸ்’ அமைப்பின் பெயர், 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்கு ஆளாகி மாண்ட கொடுமையில் அடிபட்டது. மறுமாதமே மாநில அரசு அவ்வமைப்புக்குத் தடை விதிக்க நேர்ந்தது.

பிவண்டிக்கும் பஸ்தாருக்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? பிவண்டிக் கமிட்டிகள் காவல்துறையைக் கேள்வி கேட்டன; எவரையும் பிடிக்கவோ அடிக்கவோ அதிகாரம் பெறவில்லை. பஸ்தாரிலும் ஹரியானாவிலும் காவல்துறையின் அதிகாரம் தனிநபர் கைகளுக்குச் சென்றது. பொறுப்பு மட்டும் எவர் தலையிலும் விழவில்லை. எனவே, எந்தக் குழுவின் முன்னும் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். அதில் தலித்துகள், சிறுபான்மையினர், பெண்கள், புலம்பெயர் தொழிலாளர்கள் உறுப்பினர்களா, அல்லது சந்தேகப் பட்டியலில் உள்ளவர்களா? அதன் கூட்டக் குறிப்புகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றனவா? புகாரைப் பதிவு செய்ய மறுத்த அதிகாரியிடம் விளக்கம் கேட்க அதனால் இயலுமா?

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு உத்தரவுகளில், மாநில, மாவட்ட அளவில் காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கும் ஆணையங்களை அமைப்பதும் ஒன்று. இரு பத்தாண்டுகள் ஆகியும் பல மாநிலங்களில் அவை ஏட்டளவில் நிற்கின்றன. சில இடங்களில் அதிகாரிகளாலேயே நிரப்பப்பட்டுள்ளன. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தும்படி 2020 டிசம்பரில் வந்த தீர்ப்பும் முழுமையாக நிறைவேறவில்லை. தெருவெங்கும் கேமரா பொருத்த மக்களிடம் பணம் கேட்கும் அரசுகள், காவல் நிலைய அறைக்குள் கேமராவை இயங்க வைக்கத் தயங்குகின்றன. நாடெங்கும் காவல்துறையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் காலியாக உள்ளன. பெண் காவலர்கள் சுமார் 12 சதவீதமே. ஓய்வின்றி உழைக்கும் காவலருக்குச் சங்கம் வைக்கும் உரிமையும் கிடையாது. இவற்றைச் சீர்செய்யாமல் தன்னார்வலர்களைத் தேடுவது, அரசு தன் கடமையைக் கைகழுவுவதாகும்.

கட்சிக் கிளைகள் இந்தக் களத்தைச் சங் பரிவாரத்துக்கும் ஆளுங்கட்சி அடியாட்களுக்கும் காலியாக விட்டுவிடலாகாது. அமைதிக் குழுக்களில் இடம் கிடைக்குமிடத்தில் சென்று அமர வேண்டும்; பதிவு செய்யப்படாத புகார்களையும், எரியாத தெருவிளக்குகளையும், வராத ரோந்தையும் அங்கே எழுப்ப வேண்டும். எவர் வீட்டிலும் நுழையவோ, எவர் அடையாள அட்டையையும் கேட்கவோ தனிநபர்களுக்கு அதிகாரம் தரும் ஏற்பாடு எதுவாயினும் அதை எதிர்த்து வெளியே வர வேண்டும். மாவட்டந்தோறும் சுதந்திரமான புகார் ஆணையம், காலிப் பணியிடங்களில் முறையான நியமனம், 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சங்களைக் களையும் மக்கள் சார்ந்த புதிய காவல் சட்டங்கள் ஆகிய கோரிக்கைகளுக்காக வெகுஜன இயக்கங்கள் களமிறங்க வேண்டும். மக்களைக் கண்காணிக்க மக்களையே பயன்படுத்தும் திட்டங்களை முறியடிப்பதற்கு, காவல்துறையை மக்கள் கண்காணிக்கும் நிலையை உருவாக்குவதே வழி.