மணல்நாட்டு விருந்தினர்

விடுமுறை வந்தால் ஊருக்கு ஓடிவிடுவது நம்மவர் வழக்கம். நாம் வாழ்கின்ற இராஜஸ்தான் மண்ணைக் கண்ணாரக் காண ஒரு நாளும் ஒதுக்குவதில்லை. அக்குறையைத் தீர்க்க எண்ணி, சென்ற தைத் திங்களில் அம்மாவும் பிள்ளைகளும் உடன்வர, விடியுமுன்பே ஜோத்பூரிலிருந்து காரில் புறப்பட்டோம்.

வடமேற்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், பலோடிக்கு அருகே கீச்சன் என்னும் சிற்றூர் உளது. 2016 மே மாதத்தில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான பலோடி அதுவே. ஆயினும் அன்று காலையில் கம்பளியின்றி நிற்க இயலவில்லை.

ஞாயிறு எழுந்ததும் வானெங்கும் குரல் நிறைந்தது. சாம்பல் நிற உடல், கரிய கழுத்து, கண்ணருகே வெண்குஞ்சம் கொண்ட பறவைகள், வேலியிட்ட திடலில் கூட்டங்கூட்டமாக இறங்கின. நாரையை ஒத்த இவற்றைக் குர்ஜா என்பர் இவ்வூரார். மங்கோலியா முதலிய வடநாடுகளிலிருந்து வந்து, குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன. சமண வணிகக் குடும்பத்தார் பல்லாண்டுகளாக இவற்றுக்குத் தானியம் இறைத்து வருகின்றனர். வெளியூர் சென்று பிழைப்போரும் இதற்கு நன்கொடை அனுப்புகின்றனர். 2025-ஆம் ஆண்டில் கீச்சன் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

அம்மா அங்கிருந்த பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டார். பேரன் அதை இந்தியில் சொன்னான். "இவ்வளவு தீனி கிடைத்தும் இவை இங்கேயே தங்கிவிடுவதில்லையா?"

"இல்லை, மாஜி. பங்குனியில் போய் அங்கே குஞ்சு பொரிக்கும், ஆவணி, புரட்டாசியில் தவறாமல் வந்துவிடும்" என்றார் அவர்.

பொக்ரான் வழியே ஜெய்சல்மேர் சென்றோம். 1156-இல் எழுந்த அம்மஞ்சட்கற் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மறுநாள் அகல் என்னுமிடத்தில் கல்லாய்ச் சமைந்த மரங்களைக் கண்டோம். அவை 18 கோடி ஆண்டுப் பழமையுடையவை. "இங்கே காடு இருந்ததா!" என்று பிள்ளைகள் வியந்தனர். அம்மா மட்டும் ஏதோ சிந்தனையிலேயே இருந்தார்.

திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "சித்திரையில் என்னை ஊரிலே கொண்டு விட்டுவிடு, அப்பா. ஐப்பசியில் வந்து அழைத்துக்கொள்."

தந்தையார் மறைந்தபின், திருநெல்வேலி வீட்டைப் பூட்டி அம்மாவை இங்கு அழைத்து வந்து ஈராண்டாகிறது. ஊர்ப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று வாயடைத்து வந்தோம். அதையே அன்பென்றும் எண்ணியிருந்தோம். இம்முறை மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. சித்திரைப் பயணத்திற்குப் பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது. திரும்பும் சீட்டையும் தம் கண்முன்னே வாங்கச் செய்தார் அம்மா.

குர்ஜாக்களைக் காண விழைவோர் மாசிக்குள் செல்க. அங்கே உரத்துப் பேசலாகாது என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்களையும் தவறாது அழைத்துச் செல்க.