தேடினால் கிடைக்குமா? கிடைத்தாலும் நம்பலாமா?



எங்கள் கருக்களாச்சேரியில் விசைப்படகு ஓட்டும் அண்ணன்களிடம் ஜிபிஎஸ் கருவி இருக்கும். அந்தக் கருவியைவிடப் பெரிய சொத்து, அதில் அவர்கள் குறித்து வைத்திருக்கும் புள்ளிகள். எங்கே பாறை, எங்கே வலை கிழியும், எங்கே மீன் படும்... எல்லாம் பல வருடம் நஷ்டப்பட்டுக் கற்றது. ஓட்டுபவர் வேறு படகுக்கு மாறினால் புள்ளிகளும் அவரோடு போய்விடும். முதலாளிக்கு மிஞ்சுவது படகும் டீசல் கணக்கும்தான்.

கம்பெனிகளிலும் இதே கதைதான் என்று போன விடுமுறையில் தெரிந்துகொண்டேன். ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் ஒரு மாதப் பயிற்சி. சர்வரில் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னார்கள். அதற்கான குறிப்பு ஒன்று பழைய மின்னஞ்சலில், ஒன்று கூகுள் டிரைவில், இன்னொன்று வாட்ஸ்அப் குழுவில். மூன்றும் மூன்று விதம்! எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். இரண்டு நாள் வீண். கடைசியில் அவருக்கே போன் போட்டுக் கேட்டோம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, ‘எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு, தேடும் வசதி வைத்துவிடுங்கள்’ என்பது. பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள இன்போசிஸ் கதையைப் பார்க்க வேண்டும்.

1990களிலேயே அனுபவங்களை எழுதிச் சேர்க்கத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு ‘கே-ஷாப்’ என்ற பொதுக் களஞ்சியம் அமைத்தார்கள். ‘ஒருமுறை கற்போம், எங்கும் பயன்படுத்துவோம்’ என்பதுதான் கொள்கை. ஆனால் எழுத ஆள் வரவில்லை. எழுதினால் மதிப்பெண், அதைப் பணமாகவோ பரிசாகவோ மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கட்டுரைகள் வந்து குவிந்தன! சரிபார்ப்பவர்கள் திணறினார்கள். குப்பைக்கு நடுவே நல்லதைத் தேடி எடுப்பதே பெரும் பாடானது. 2002இல் முறையை மாற்றி, எத்தனை எழுதினீர்கள் என்பதைவிட, படித்தவருக்கு எவ்வளவு உதவியது என்பதற்கு எடை கொடுத்தார்கள். ரகு காருட், அருண் குமாரசாமி என்ற இரு ஆய்வாளர்கள் இதை 2005இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

ஆக, சேர்ப்பது ஒரு வேலை, பராமரிப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு ஆள் போடாத களஞ்சியம் சீக்கிரமே கிடங்காகிவிடும்.

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. காவிரிப் படுகையில் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.யின் அலுவலகம் காரைக்காலில் இருக்கிறது. ஒரு கிணறு தோண்டினால் எண்ணெய் கிடைக்காமல் போகலாம், ஆனால் பூமிக்கடியில் எந்த ஆழத்தில் என்ன பாறை என்ற பதிவு கிடைக்கும். இப்படி நாடு முழுக்கப் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்க, 2017இல் தேசியத் தரவுக் களஞ்சியம் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் ஹைட்ரோகார்பன் இயக்குநரகம் அதை நடத்துகிறது. ஒப்பந்தப்படி நிறுவனங்கள் தரவைக் கொடுத்தாக வேண்டும். ‘நேரம் இருந்தால் ஏற்றி வையுங்கள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

நம் தமிழுக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு குறியீடு. யூனிகோடில் ‘ஒப்பந்தம்’ என்று தேடினால் ஒன்றும் வராது. தமிழக அரசு 2010இல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய கோப்புகளை மாற்றாமல் களஞ்சியத்தில் போட்டால், இருந்தும் இல்லாத கதைதான். எழுத்துணரி மென்பொருளில் கொடுக்காத ஸ்கேன் படங்களும் அப்படியே.

இன்னொரு தடை, மனசு. ‘எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?’ இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. படகு ஓட்டும் அண்ணன் புள்ளிகளைக் காட்டாததற்கும் இதே காரணம்தானே? அது அவர் சோறு. ஆகவே எழுதச் சொல்லும் நிறுவனம், அதற்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும், எழுதியவர் பெயரைப் போட வேண்டும், எழுதிக் கொடுத்த காரணத்தாலேயே அவரை வெளியே அனுப்பக் கூடாது. இதைச் செய்யாமல் ‘யாரும் பகிர்வதில்லை’ என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

என் கட்சி இதுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளர். கடைசியாகச் சரிபார்த்த தேதி. பழையதன் மேல் ‘பழையது’ என்ற குறிப்பு. இந்த மூன்றும் இருந்தால் சாதாரண இலவச விக்கி மென்பொருளே போதும். இல்லையென்றால் எத்தனை லட்சத்துக்கு வாங்கினாலும் வீண்.

பயிற்சி முடிந்து கிளம்பும் நாளில், சரியான முறையை ஒரே பக்கத்தில் எழுதி, பெயரும் தேதியும் போட்டேன். பழைய மூன்று குறிப்புகளும் இருந்த இடங்களில் ‘இது பழையது, புதியதைப் பார்க்கவும்’ என்று போட்டுவிட்டு வந்தேன். அடுத்து வரும் பையனுக்கு இரண்டு நாள் மிச்சம்.